பட்டாணி பதில்கள்

*படியேறும் பக்தர், திருத்தணி*
ராத்திரி பட்டாணி சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் காலையில் மலையேறினால் வயிறு பம்மென்று இருக்கிறதே?

உங்களுக்குப் பின்னால் ஏறியவரும் இதே கேள்வியைத்தான் அனுப்பியிருக்கிறார்! பட்டாணியில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்று மூன்று சர்க்கரைகள். அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. விளைவு ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், வாயு குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். 365 படியில்தான் ஒன்றுகூடக் குறையாது.

*புது மருமகள், நகரி*
பட்டாணி சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். மாமியார் டப்பாவோடு தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

கொஞ்சம் படித்த வதந்தி இது. கல்கத்தா பாக்டீரியாலஜிகல் இன்ஸ்டிட்யூட்டில் எஸ்.என்.சன்யால் என்ற ஆய்வாளர் பட்டாணி எண்ணெயில் மெட்டா-சைலோஹைட்ரோகுயினோன் என்ற பொருளுக்குக் கருத்தடைக் குணம் இருப்பதாகச் சொன்னார். 1950களில் பெண்களுக்குக் காப்ஸ்யூலாகக் கொடுத்தும் பார்த்தார்கள். 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே தொடங்கிவிட்ட நாடு, விடுமா? ஆனால் கர்ப்பம் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்ததே தவிர, நிற்கவில்லை. மற்ற பரீட்சைகளில் ஐம்பது, அறுபது வாங்கினால் பாஸ். இந்தப் பரீட்சையில் ஃபெயில். 1960-இல் அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. பட்டாணி மாத்திரையைக் கேட்பாரில்லை.

அவர்கள் கொடுத்தது தனியே எடுத்த ரசாயனம், மருந்து அளவில். குருமாவில் மிதக்கும் நாலு பட்டாணிக்கு அந்த வல்லமை கிடையாது. நாட்டில் பச்சைப் பட்டாணி அதிகம் விளைவது உத்தரப் பிரதேசத்தில். ஜனத்தொகையில் முதலிடமும் அதற்கே. மாமியாரிடம் இதைச் சொல்லி டப்பாவை இறக்குங்கள்.

*பிளஸ் டூ மாணவி, அரக்கோணம்*
பட்டாணியில் இருக்கும் ரசாயனங்களைச் செடி யாருக்காகத் தயாரிக்கிறது? நமக்கு மருந்தாகவா?

நம்மைப் பற்றி அதற்கு நினைப்பே இல்லையம்மா. அதன் கவலையெல்லாம் பூஞ்சை. கான்பெராவில் குரூக்‌ஷாங்க், பெரின் என்ற இருவர் பட்டாணிக் காயைப் பிளந்து, விதை இருந்த குழிகளில் பூஞ்சை வித்து கலந்த நீரைச் சொட்டு சொட்டாக விட்டார்கள். பிறகு அந்தச் சொட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், உள்ளே புதிதாக ஒரு பொருள். 'பிசாட்டின்' என்று பெயர் வைத்தார்கள். நோய் தாக்கிய பிறகே செடி உண்டாக்கும் இந்த ரகத் தற்காப்புப் பொருள்களை ஃபைட்டோஅலெக்சின் என்பார்கள். அவற்றில் முதன்முதலில் பிரித்தெடுத்து அடையாளம் கண்டது இதைத்தான், 1960-இல். அதே வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊருக்கு ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தினார். பட்டாணிக்கு அதுவே நடத்திக்கொள்கிறது.

எதிரியும் லேசுப்பட்டவனல்ல. ஃபியூசேரியம் பூஞ்சையில் சில ரகங்கள், பிசாட்டினிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றி அதைப் பல் பிடுங்கிய பாம்பாக்கிவிடும். அதற்கென்றே தனி நொதி வைத்திருக்கின்றன!

*ஓய்வுபெற்ற ஆசிரியர், திருத்தணி*
யூரிக் ஆசிட் இருக்கிறது. பட்டாணி கூடாது என்கிறார்கள்.

உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் பட்டாணியில் இருப்பது நிஜம். ஆனால் அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், கௌட் என்ற மூட்டுவலி வரும் வாய்ப்பை ஏற்றியவை இறைச்சியும் கடல் உணவும்தான். பியூரின் மிகுந்த காய்கறிகள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. உங்களுக்கு எவ்வளவு என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

*பொரிகடலைப் பிரியர், பொதட்டூர்பேட்டை*
வறுத்த பட்டாணி பல்லுக்கு நல்லதா?

பல் டாக்டருக்கு நல்லது.

*பேரன், பள்ளிப்பட்டு*
பட்டாணி தின்றால் கால் விளங்காமல் போகும் என்கிறாள் பாட்டி.

பாட்டி சொல்வது கேசரிப் பருப்பை. பட்டாணிக் குடும்பம்தான், ஆனால் வேறு செடி. மழை பொய்த்தாலும் விளையும் என்பதால் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு அதுவே சோறு. மாதக்கணக்கில் அதையே தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்துப்போயின. திரும்பச் சரியாகவும் இல்லை. 1961-இல் விற்பனைக்குத் தடை வந்தது. 1964-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராவ், அடிகா, சர்மா மூவரும் குற்றவாளியைப் பிடித்தார்கள்: ஓ.டி.ஏ.பி. என்ற அமினோ அமிலம். நாம் தின்னும் பட்டாணியில் அது கிடையாது. துவரம் பருப்பில் கேசரியைக் கலக்கிற புண்ணியவான்கள்தான் கவலை.

*இல்லத்தரசி, திருவாலங்காடு*
ஊறவைத்த தண்ணீர் பச்சையாகிறது. சத்து இறங்குகிறதா?

சாயம் இறங்குகிறது! பழைய பட்டாணியைப் புதிதாகக் காட்ட மாலகைட் கிரீன் பூசுகிறார்கள். துணிக்குப் போடும் சாயம். உணவில் சேர்க்க அனுமதி இல்லை. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பச்சையானால் சுண்டலுக்குப் போடாதீர்கள். மிச்சத்தைப் பில்லோடு எடுத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள்.