ஆலவட்டமா, துருத்தியா? பேஸ்மென்ட் வானொலிக்காரரின் காற்று குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழர் வரலாற்றில் ஒலிபரப்புக் கருவியின் இருக்கைமேல் விசிறி வீசப்பட்ட முதல் நிகழ்வு புறநானூற்றின் 50ஆம் பாட்டில் பதிவாகியிருக்கிறது. களைத்து வந்த மோசிகீரனார், வெறுமையாகக் கிடந்த முரசுகட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள். அதாவது கருவி பராமரிப்புக்குப் போயிருந்தது. வந்து பார்த்த தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்தான். அரசனின் பெருந்தன்மையைப் பற்றி உரையாசிரியர் முதல் மேடைப் பேச்சாளர் வரை எல்லாரும் பேசிவிட்டார்கள். விசிறியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இக்கட்டுரை நிரப்ப முயலும் ஆய்வு இடைவெளி அதுதான்.

கிடைக்கும் தரவுகளைக் கொண்டு பார்த்தால் சேரனின் விசிறி மிகத் தரமானது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சத்தம் கிடையாது, புலவர் விழிக்கவில்லை என்பதே சான்று. ஆனால் அது வெட்டவெளியில் வீசியது. மோசிகீரனார் கட்டிலில் படுக்காமல் ஒரு குறுகிய குழாய்க்குள் படுத்திருந்தால் மன்னன் விடியும்வரை வீசியும் வேர்வை காய்ந்திராது. பேஸ்மென்ட் வானொலிக்காரரின் ஆம்பிளிஃபயர் வால்வுகள் படுப்பதோ குழாய்க்குள்.

ஆய்வுக் களம் ரொறன்ரோ. இந்த ஊருக்கு இத்துறையில் பழைய உரிமை உண்டு. இங்கே பிறந்த ரெட் ரொஜர்ஸ் 1921 டிசம்பரில், 21 வயதில், நியூமார்க்கெட்டிலிருந்து 3பிபி என்ற அழைப்புக்குறியில் அனுப்பிய சமிக்ஞை அட்லாண்டிக் தாண்டி ஸ்கொட்லாந்தின் ஆட்ரோசனில் கேட்டது. 1925இல் அவர் பற்றரி இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ஓடும் வானொலியைக் கொண்டுவந்தார். 1927இல் தொடங்கிய சி.எஃப்.ஆர்.பி. நிலையத்தின் பெயரில் கடைசி இரண்டு எழுத்தும் அந்தப் பற்றரியில்லா வானொலியின் நினைவுதான். பற்றரியில்லா வானொலி யாழ்ப்பாணத்திலும் இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி வராதபோது சைக்கிளை நிறுத்தி டைனமோவைச் சுற்றினால் பிபிசி தமிழோசை கேட்கும். அந்த வானொலிக்கு விசிறி தேவைப்படவில்லை, மிதித்தவருக்குத்தான் தேவைப்பட்டது. மிதித்த தலைமுறை இன்று ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வைத்திருக்கிறது. அதில் ஒரு மூலையைக் குடும்பம் ஹாம் என்னும் பொழுதுபோக்கு வானொலிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது.

கனடாவில் அடிப்படைத் தகுதி உள்ள ஹாம், ஒலிபரப்பியின் இறுதிக் கட்டத்துக்கு 250 வாட் நேர்மின் கொடுக்கலாம். மேல்நிலைத் தகுதி உள்ளவர் 1000 வாட் வரை போகலாம். மேல்நிலையை எடுத்தவர் முதலில் செய்யும் வேலை ஆம்பிளிஃபயர் தேடுவது. இரண்டாவது, அதற்கு 240 வோல்ட் வேண்டும் என்று உடுப்பு உலர்த்தியின் பிளக்கைக் கழற்றுவது. காற்றைப் பற்றி யோசிப்பது மூன்றாவதாக, மணம் வந்த பிறகு.

கணக்கு எளிது. 1000 வாட் போனால் 600 வாட் அன்டெனாவுக்குப் போகிறது. மிச்சம் 400 வாட் வால்வின் அனோட்டில் சூடாகத் தங்குகிறது. 3-500இசட் என்ற கண்ணாடி வால்வாக இருந்தால் அதன் இழை தனியாக 70 வாட் சொச்சம் தின்னும். ஆக 470 வாட். இதை 1.76ஆல் பெருக்கி, உள்ளே போகும் காற்று எத்தனை பாகை செல்சியஸ் சூடேறலாம் என்று விடுகிறீர்களோ அந்த எண்ணால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று தெரியும். 20 பாகை விட்டால் 41 கன அடி. கடையில் 120 மில்லிமீற்றர் விசிறியின் பெட்டியிலோ 100 கன அடி என்று அடித்திருக்கும். பலர் ஆய்வை இந்த இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய வால்வுகளும் இந்த இடத்தில்தான் முடிந்தன.

பெட்டியில் இருக்கும் எண், விசிறிக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றுமே இல்லாதபோது எடுத்தது. அதாவது சேரன் அரண்மனையில் எடுத்தது.

இங்கேதான் இரண்டு மரபுகள் பிரிகின்றன. முதலாவதை ஆலவட்ட மரபு என்று இக்கட்டுரை அழைக்கும்: இறக்கை சுழன்று காற்றை நேராகத் தள்ளும் சாதாரண விசிறி. நிறையக் காற்று தரும். எதிரில் தடை வந்தால் சோர்ந்துவிடும். தடை நீரளவில் கால் அங்குலத்தைத் தாண்டினால் பெரும்பாலானவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது துருத்தி மரபு: அணில் கூண்டு போன்ற உருளை சுழன்று, காற்றை ஓரத்துக்கு வீசி, ஒரு வாயால் பிதுக்கித் தள்ளும் புளோவர். கொல்லன் உலையில் நெருப்பை வளர்க்கத் துருத்தி ஊதியதைச் சங்கப் புலவர்கள் கண்டிருக்கிறார்கள். அதே ஊதலை நெருப்பைத் தணிக்கப் பயன்படுத்தும் நாம் அவர்களுக்கு விநோதமாகத் தெரிவோம்.

எந்த வால்வுக்கு எந்த மரபு? கண்ணாடி வால்வுகளில் 811ஏ, 572பி போன்றவை ஆலவட்டத்தோடு ஒத்துப்போகும். 3-500இசட் நடுவில் நிற்கிறது. அனோட் மங்கிய சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். அது அதன் இயல்பு. ஆபத்து கீழே. கண்ணாடியும் உலோகமும் சேரும் கால்களில் 200 பாகைக்கு மேல் ஏறக் கூடாது. காற்று மேலே மட்டும் வீசினால் கால்களின் ஈயம் இளகிவிடும். ஆகவே சொக்கெட்டுக்குக் கீழிருந்து ஊதி, கண்ணாடிப் புகைபோக்கி வழியாக மேலே அனுப்ப வேண்டும். 4சிஎக்ஸ்250பி மாதிரிச் செரமிக் வால்வுகளில் பேச்சுக்கே இடமில்லை. அவற்றின் அனோட் நெருக்கமான தகடுகளால் ஆனது; முழுச் சுமையில் காற்றை அதற்குள் நுழைக்க அரை அங்குலத்துக்கு மேல் அழுத்தம் வேண்டும். ஆலவட்டத்தைக் கொண்டுபோனால் தகடுகளின் வாசலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பும்.

அழுத்தத்தை அளக்கும் முறையைச் சொல்லாமல் போவது தகாது. மீன்தொட்டிக்கு விற்கும் ஒளிபுகும் குழாயில் இரண்டு முழம் வாங்கி, 'ப' வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டுங்கள். கேசரித்தூள் கரைத்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றுங்கள். ஒரு நுனியை ஆம்பிளிஃபயரின் அடிப்பெட்டிக்குள் விடுங்கள், மறு நுனி திறந்திருக்கட்டும். உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்துவிட்டு விசிறியை மட்டும் போட வேண்டும். இந்த ஒரு வரியை வேடிக்கையாக எடுக்க வேண்டாம். செம்மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும். பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து இரண்டுக்குமான வித்தியாசத்தைப் பாருங்கள்: 12.7 மில்லிமீற்றர்தான் அரை அங்குலம். ஏறாவிட்டால் பெரிய புளோவர் வாங்க ஓட வேண்டாம். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பெட்டியின் மூலைகளிலும் ஆணித் துவாரங்களிலும் பிடியுங்கள். புகை விலகி ஓடும் இடமெல்லாம் கசிவு. அலுமினியம் டேப்பால் ஒட்ட ஒட்டத் தண்ணீர் ஏறுவதைக் காண்பது இத்துறையின் பேரின்பங்களில் ஒன்று. புகை எச்சரிக்கைக் கருவி அலறினால், சுவாமிக்கு வைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி எதிர்வாதம். இது கனடா, ஜனவரியில் வெளியே மைனஸ் 20, ஜன்னலைத் திறந்தால் போயிற்று, விசிறி எதற்கு? குளிர்காற்று அடர்த்தியானது, கூடுதல் சூட்டைச் சுமக்கும் என்பது உண்மையே. ஆனால் ஜன்னலைத் திறந்த மறுகணம் ஃபர்னஸ் ஓடத் தொடங்கும், எரிவாயு பில்லோடு குடும்பத் தலைவி கீழே இறங்குவார். குளிர்காலத்தில் ஆம்பிளிஃபயரின் 470 வாட் வீட்டைச் சூடாக்கத்தானே போகிறது என்ற பதில் அறிவியல்படி சரியானது. குடும்பத்தில் எடுபட்டதாகச் சான்று இல்லை. ஃபர்னஸுக்குள் இருப்பதும் ஒரு துருத்திதான் என்பதையும், பொதுவாக அரை அங்குல அழுத்தத்துக்கென்றே அதை அமைக்கிறார்கள் என்பதையும் கவனித்த சிலர், பழசை மாற்றும்போது கழற்றி எறியும் புளோவரை ஆசையோடு பார்ப்பதுண்டு. நிமிடத்துக்கு ஆயிரம் கன அடி தருவது. வால்வு குளிரும், மேசையில் இருக்கும், தொடர்பை உறுதிசெய்யும் க்யூஎஸ்எல் அட்டைகள் அடுத்த அறைக்குக் குடிபெயரும்.

சத்தத்துக்கு வருவோம். துருத்தி மரபின் தீராத வியாதி இது. மைக்குக்குப் பக்கத்தில் புளோவர் இருந்தால் பிரேசிலில் இருப்பவர் உங்கள் பேச்சுக்கு முன் உங்கள் காற்றைக் கேட்பார். மாடியிலிருந்து வரும் அறிக்கை இன்னும் தெளிவானது: "இஞ்சாருங்கோ, உது என்ன பிளேனே ஏறப்போகுது?" ரொறன்ரோ நகராட்சிச் சட்டக்கோவையில் 591ஆம் அதிகாரம் இரைச்சலைப் பற்றியது. வள்ளுவர் 133 அதிகாரத்தில் உலகத்தையே முடித்துவிட்டார்; இந்த நகரத்துக்கு அது போதவில்லை.

இதற்கு விசிறி விதிகள் துணை நிற்கின்றன. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், சத்தம் 15 டெசிபெல் அளவில் விழும். ஆனால் அழுத்தம் காற்பங்காகிவிடும், அதுதான் வில்லங்கம். எனவே பெரிய புளோவரை வாங்கி மெதுவாக ஓட்டுவதே அறிவுடைமை. சின்னதை வாங்கிக் கத்தவிடுவது சிக்கனம் ஆகாது. இன்னொரு வழி, புளோவரைச் சுவருக்கு அப்பால் வைத்து, உடுப்பு உலர்த்திக்கு விற்கும் நாலு அங்குலக் குழாயால் காற்றைக் கொண்டுவருவது. சத்தம் பக்கத்து அறைக்குப் போய்விடும். அந்த அறை வாடகைக்கு விட்டதாக இருந்தால் இது தீர்வு ஆகாது, இடமாற்றம்.

அண்மைக்காலத்தில் கணக்கைக் குழப்பியது எஃப்டி8. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட, குரலுக்குப் பதில் கணினி வழியாக அனுப்பும் முறை. பேசுகிறவர் மூச்சு வாங்குவார், யோசிப்பார், இருமுவார். வால்வும் அந்த இடைவெளியில் ஆறும். எஃப்டி8 15 விநாடிச் சுற்றில் 12.64 விநாடி ஓயாமல் முழுச் சக்தியில் அனுப்பும். பேச்சுக்கு அளந்து வைத்த விசிறி இங்கே தோற்கும். மிக மெல்லிய சமிக்ஞையையும் பிடிக்கவென்று பிறந்த முறைக்கு ஆயிரம் வாட் எதற்கு என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. உள்ளே இருந்தாலும் ஒருவரும் பதில் சொல்லப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. செரமிக் வால்வுகளுக்கு இழையை அணைத்த பிறகும் சில நிமிடம் காற்று ஓட வேண்டும். தேங்கிய சூடு அப்போதுதான் மேலேறி வரும். பதிவேட்டை எழுதி, விளக்கை அணைத்து, மேலே போய்ச் சோற்றுக் கோப்பையின் முன் உட்காரும்போதும் கீழே புளோவர் ஓடிக்கொண்டிருக்கும். "ஆர் கீழ நிக்கினம்?" என்று மாமி கேட்பார். தாமத ரிலேயை ஐந்து நிமிடத்துக்கு வைக்க இக்கட்டுரை பரிந்துரைக்கிறது: வால்வு ஆறவும் அது போதும், மாமிக்கு வால்வு என்றால் என்னவென்று சொல்லத் தொடங்கவும் அது போதும்.