அலைக்கடிகார இலக்கணம்: எழுத்து, சொல், பொருள்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலைப் புலவர்கள் கையால் தொடமாட்டார்கள் என்பதால் முதலில் அதை முடித்துவிடுவோம். இந்நூல் நுதலிய பொருள், வானொலி அலையைக் கேட்டுத் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்வதும், முள்ளும் எண்ணும் ஒருங்கே உடையதுமான கைக்கடிகாரம். எல்லை, கிழக்கே ஜப்பான், மேற்கே கொலராடோ. கேட்போர், கடிகாரத்தோடு வந்த தடித்த மேனுவலைப் பெட்டியிலேயே விட்டு, பெட்டியைப் பரண்மேல் ஏற்றியவர்கள். பயன், மணி பார்த்தல்.

இனி வழி. நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுமாறு நேரமும் மூவகைப்படும். அணுக்கடிகாரம் சொல்லும் நேரம் முதல்நூல். அதை வாங்கி வானில் ஒலிபரப்பும் நிலையம் வழிநூல். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் கைக்கடிகாரம் சார்புநூல். மூன்றையும் பார்க்காமல் செல்போனைப் பார்ப்பவர் நோட்ஸ் படித்துப் பாஸ் செய்பவர். அவர் இந்நூலுக்குப் புறம்பு.

சார்புநூல்களில் மூத்தது ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட மெகா 1. அதன் ஏரியல் கைவாருக்குள்ளேயே இருந்தது. முள் இல்லை, எண் மட்டும். முள்ளும் எண்ணும் கூடிய இனத்தைத் தெருத்தெருவாகப் பரப்பியவர்கள் ஜப்பானியர். காசியோ 2008-இல் ஆறு நிலையங்களையும் ஒரே கடிகாரத்தில் கேட்கும் வசதியைக் கொண்டுவந்தபின், இலக்கணம் எழுதும் அளவுக்கு இலக்கியம் பெருகிவிட்டது.

எழுத்து

அலைக்கடிகாரம் கேட்கும் எழுத்து மூன்று: குறில், நெடில், ஆய்தம்.

ஜெர்மனியின் பிராங்பர்ட்டுக்கு அருகே மெயின்ஃபிளிங்கன் என்ற ஊரிலிருந்து டிசிஎஃப் 77 என்னும் நிலையம் 77.5 கிலோஹெர்ட்ஸில் இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. ஒவ்வொரு வினாடி பிறக்கும்போதும் அதன் அலை சற்று நேரம் தணியும். பத்தில் ஒரு பங்கு வினாடி தணிந்தால் அது சுழியம். பத்தில் இரு பங்கு தணிந்தால் ஒன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நம் இலக்கணம் வகுத்த அதே விகிதம். ஜெர்மானியர் நன்னூல் படித்ததற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை, தேடியவரும் இல்லை.

நிமிடத்தின் கடைசி வினாடியில் அலை தணிவதே இல்லை. இதுவே ஆய்தம். தனித்து நிற்கும், தனக்கென்று பொருள் இல்லை, ஆனால் இது இல்லாவிட்டால் நிமிடம் எங்கே தொடங்குகிறது என்று கடிகாரத்துக்குத் தெரியாது. ஆய்தத்துக்கு அடுத்த எழுத்து பிறக்கும் கணமே புது நிமிடம்.

ஆக, ஆய்தம் நீங்கலாக நிமிடத்துக்கு 59 எழுத்து. நிமிடம், மணி, தேதி, கிழமை, மாதம், ஆண்டு, கோடைநேரமா குளிர்நேரமா என்ற விவரம் எல்லாம் அதற்குள் அடக்கம். பிழை புகாமல் காக்கச் சரிபார்ப்பு எழுத்து மூன்று. அப்படியும் கடிகாரம் ஒரு தடவை கேட்டதை நம்பாது. அடுத்த நிமிடத்தையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு திருத்தத்துக்கு 2 முதல் 7 நிமிடமும், அலை மெலிந்த இடத்தில் 14 நிமிடம் வரையும் பிடிப்பது இதனால்தான். ‘உலகத்திலேயே துல்லியமான நேரம், ஆனால் சொல்ல ஏழு நிமிடமா?’ என்று கேட்பவர், ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவர் பட்ட பாட்டை அறியாதவர்.

மாத்திரை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பானில் அலை ஓங்கி நிற்கும் காலமே கணக்கு: சுழியத்துக்கு 0.8 வினாடி, ஒன்றுக்கு 0.5, எல்லைக்குறிக்கு 0.2. அமெரிக்காவில் தணிந்து நிற்கும் காலம் கணக்கு. அளவுகள் அவையே, வரிசை தலைகீழ்.

அளபெடையும் உண்டு. பூமியின் சுழற்சியோடு அணுக்கடிகாரம் ஒத்துப்போக, எப்போதாவது ஒரு நிமிடத்தை 61 வினாடியாக நீட்டுவார்கள். கடைசியாக நீட்டியது 2016 டிசம்பர் 31-இல். நமக்கு அப்போது 2017 புத்தாண்டு விடிந்துகொண்டிருந்தது. பலர் அந்த வினாடியையும் சேர்த்துத் தூங்கினார்கள். இந்த அளபெடைக்கு 2035-க்குள் முடிவு கட்டுவது என்று எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு 2022-இல் தீர்மானித்துவிட்டது. இலக்கணத்தில் ஒரு விதியை வாக்கெடுத்து நீக்க முடியும் என்பது நம் புலவர்களுக்குப் புதுச் செய்தி.

சொல்

சொல் நான்கு: பெயர், வினை, இடை, உரி.

பெயர்ச்சொல் என்பது ஊர்க்குறி. டோக்கியோ, ஹாங்காங், லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று மூன்று மூன்று ஆங்கில எழுத்தில் வரும். பெரும்பாலான மாடல்களில் இந்தியா முழுமைக்கும் டெல்லி ஒன்றே. சென்னைக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் இதில் வருத்தம் இருக்கலாம். ஆனால் கடிகாரத்துக்கு ஊர் என்பது கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி தள்ளி என்பது மட்டுமே, ஐந்தரை என்றால் டெல்லி.

வினைச்சொல் இரண்டே: அழுத்தல், அழுத்திப் பிடித்தல். பொத்தான் நான்கு இருப்பினும் வினை இரண்டுக்குமேல் இல்லை. அழுத்த வேண்டிய இடத்தில் பிடித்தவரும், பிடிக்க வேண்டிய இடத்தில் அழுத்தியவரும் ஸ்டாப்வாட்சுக்குள் போய் மாட்டிக்கொள்வர்.

காசியோ மாடல்கள் பலவற்றில் இவ்வினைகள் தொடரும் முறை பின்வருமாறு. நேரம் காட்டும் நிலையில் அட்ஜஸ்ட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சிறு திரையில் ஊர்க்குறி கண்சிமிட்டத் தொடங்கும். ஊரைத் தேர்ந்தபின் மோட் பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கண்சிமிட்டல் அடுத்த இடத்துக்குப் போகும்: கோடைநேரம், 12 மணியா 24 மணியா, வினாடி, மணி, நிமிடம், பிறகு ஆண்டு மாதம் தேதி. வினாடி சிமிட்டும்போது திருத்தும் பொத்தானை அழுத்தினால் அது 00 ஆகும். அப்போது வினாடி 30-ஐ எட்டியிருந்தால் நிமிடம் தானாக ஒன்று ஏறும். இதை அறியாதார் கடிகாரம் தன்னை ஏமாற்றியதாகக் கடைக்காரரிடம் வாதாடுவர்.

இங்கே வரிசையே விதி. ஊர் முன், நேரம் பின். ஊரை மாற்றினால் நேரமும் கூடவே தாவும். ஆகவே நேரத்தைச் செம்மையாக வைத்துவிட்டுப் பிறகு ஊரைத் திருத்தியவர் இரண்டையும் இழந்தார். வரிசை எதுவானாலும் ஒன்றுதான் என்பார் ஒரு சாரார். அவர்கள் கையில் எப்போதும் டோக்கியோ நேரம் ஓடுவதால் அது பொருந்தாது.

இடைச்சொல், தனித்து நின்று பொருள் தராத சிறு குறிகள்: கோபுரம் போன்ற அடையாளம், மின்கல அளவு, கோடைநேரக் குறி. உரிச்சொல், அலையின் தரத்தைச் சொல்வது. கடிகாரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்1, எல்2, எல்3 என்று திரையில் ஏறி இறங்கும். எல்3 என்றால் நன்று. எல்1-இலேயே நின்றால் கடிகாரத்தைச் சன்னல் பக்கம் நகர்த்த வேண்டும் என்க.

புணர்ச்சி

நிலைமொழி எண். வருமொழி முள். எண் காட்டும் நேரத்தை முள் பின்பற்றும்; முள்ளைப் பார்த்து எண் மாறாது. சில மாடல்களில் நிமிட முள் 20 வினாடிக்கு ஒருமுறைதான் நகரும் என்பதால் இரண்டுக்கும் இடையே சிறு வேற்றுமை தெரிவது இயல்புப் புணர்ச்சியே, குற்றமன்று.

விகாரம் மூன்று. கோடைநேரம் வந்து முள் ஒரு மணி நேரத்தைத் தானே ஓடிக் கடப்பது தோன்றல். சூரிய ஒளி படாமல் மின்கலம் வற்றி முள் நின்றுபோவது கெடுதல். காந்தத்தாலோ அடிபட்டதாலோ முள் இடம் பெயர்ந்து, எண் 10.10 என்றும் முள் 10.13 என்றும் சொல்வது திரிதல். ஸ்பீக்கர், ஹேண்ட்பேக்கின் காந்தப் பூட்டு, ஃபிரிட்ஜ் கதவு ஆகியவை திரிதலுக்கு நிலைக்களன்.

திரிதலை அலை திருத்தாது. நிலையத்தின் கோபுரம் எண்ணுக்குத்தான் பாடம் சொல்லும். முள் எங்கே நிற்கிறது என்பதைப் பல மாடல்கள் அறியவே அறியா. அதற்குத் தனி வழி உண்டு. முள்ளின் தொடக்க நிலையைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போனால் இரண்டு முள்ளும் 12-ஐ நோக்கி ஓடும். சரியாக 12-இல் ஒன்றன்மேல் ஒன்று நின்றால் நலம். நிற்காவிட்டால் பொத்தானால் ஒவ்வொரு அடியாக நகர்த்தி 12-இல் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு வெளியே வந்தால், முள் ஓட்டமாக ஓடி எண் காட்டும் நேரத்தில் போய் நிற்கும். ‘ரேடியோ வாட்ச்தானே, ராத்திரி தானே சரியாகிவிடும்’ என்று மாதக்கணக்கில் காத்திருப்போர் இவ்விதியைக் கல்லாதவர்.

பொருள்

முதற்பொருள் நிலமும் பொழுதும். பொழுது யாமம். நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குள் கடிகாரம் தானாக ஆறு முறை வரை முயலும். ஒரு முறை வெற்றி கண்டால் அன்றைக்கு அதோடு ஓயும். நெட்டலை இரவில்தான் நெடுந்தூரம் எட்டும் என்பதும், அந்நேரத்தில் கடிகாரம் கையில் ஆடாமல் கிடக்கும் என்பதும் காரணம். கழற்றி, 12 மணிப் பக்கம் சன்னலை நோக்குமாறு, இரும்பு மேசையில் அல்லாமல் வைப்பது இதன் ஒழுக்கம்.

இனி நிலம். ஐந்திணையும் உள.

குறிஞ்சி, ஜப்பான். ஃபுகுஷிமாவில் சுமார் 790 மீட்டர் உயர ஒட்டகடோயா மலைமீது 40 கிலோஹெர்ட்ஸ், தென்மேற்கே சுமார் 900 மீட்டர் உயர ஹகானே மலைமீது 60 கிலோஹெர்ட்ஸ். 2011 மார்ச் அணு உலை விபத்தில் மக்களை வெளியேற்றிய வட்டத்துக்குள் முதல் நிலையம் சிக்கியதால் அது ஒலிபரப்பை நிறுத்தியது, ஏப்ரலில்தான் மீண்டது. மலைக்கு வந்த துயரம் பல ஊர்க் கைகளுக்கும் வந்தது.

முல்லை, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் புல்வெளி. 60 கிலோஹெர்ட்ஸ். சுமார் 3,000 கிலோமீட்டர் எட்டும் என்பதால் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர் கையும் இதற்குள் அடங்கும்.

நெய்தல், இங்கிலாந்தின் கும்பிரியா கடற்கரை. ஆன்தார்ன் என்ற ஊர். 2007 ஏப்ரல் 1 வரை ரக்பியிலிருந்து வந்த நேரம் அன்றுமுதல் இங்கிருந்து வருகிறது. கிழக்கு லண்டன் தமிழருக்கு இதுவே.

மருதம் இரண்டு. மெயின் ஆற்றங்கரையின் மெயின்ஃபிளிங்கன் ஒன்று. பாரிஸின் லா ஷப்பெல் தமிழர் கடைகள் வரை தடையில்லை. மற்றொன்று சீனத்தின் ஹெனான் மாகாண வயல்வெளியில் ஷாங்ச்சியூ, 68.5 கிலோஹெர்ட்ஸ்.

பாலைக்குத் தனி நிலம் இல்லை; பிற நிலங்கள் தம் இயல்பு கெட்டால் அது தோன்றும். டிவிக்குப் பக்கம், ஓடும் காருக்குள், உயரழுத்த மின்கம்பிக்குக் கீழ், இரும்புச் சட்டக் கட்டடத்தின் நடுவறை ஆகியவை லண்டனிலும் டோக்கியோவிலும் பாலையே. ஆயினும் ஆண்டு முழுதும் நீங்காத பாலை ஒன்றுண்டு. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், துபாய். நமக்கு அருகிலுள்ள ஷாங்ச்சியூ சென்னையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல். அதன் எட்டும் தூரமோ ஏறக்குறைய 1,500. இந்தியாவில் இந்தக் கடிகாரங்களுக்கான நெட்டலை நிலையம் எதுவும் இல்லை.

எஞ்சியவை இரண்டு. கைக்கிளை, ஒருதலைக் காமம். அலைக்கடிகாரத்தின் காதல் எல்லாமே கைக்கிளைதான். கடிகாரம் கோபுரத்தை இரவெல்லாம் நினைக்கும், கோபுரத்துக்குக் கடிகாரம் ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் ஒரே நேரத்தில் எத்தனை லட்சம் கடிகாரம் கேட்டாலும் அலை குறைவதில்லை.

பெருந்திணை, பொருந்தாக் காமம். இது பாலையில் வாழ்ந்தும் விடாதவர் செயல். இது இருவகை. ஊர்க்குறியை ஹாங்காங் என்று வைத்து மொட்டைமாடியில் விட்டு அலை வரும் எனக் காத்திருப்பது முதல்வகை. அலை வராது, கடிகாரம் மட்டும் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். செல்போனில் ஒரு செயலியை ஓடவிட்டு, ஸ்பீக்கரை ஒட்டிக் கடிகாரத்தைப் படுக்கவைப்பது இரண்டாம்வகை. போன் 13.333 கிலோஹெர்ட்ஸில் கீச்சிடும்; அதன் மும்மடங்கு 40 கிலோஹெர்ட்ஸ், ஜப்பானிய மலையின் அலை. ஸ்பீக்கர்ச் சுருளிலிருந்து கசியும் அந்தச் சிறு காந்த அலையைக் கடிகாரம் ஃபுகுஷிமா என்றே நம்பிவிடும். வேலை செய்யும். ஆனால் இங்கே சரியான நேரம் போனில் இருக்கிறது என்பதைக் கடிகாரத்தைத் தவிர எல்லோரும் அறிவர்.

புறனடை

மேற்கூறியவற்றுள் அடங்காதன சில. வானிலிருந்து செயற்கைக்கோள் வழி நேரம் பெறும் கடிகாரங்களுக்குத் திணை இல்லை. செய்கோ 2012-இல் கொண்டுவந்த ஆஸ்ட்ரான் அவ்வினம். புளூடூத்தில் போனோடு பேசுவனவற்றுக்கும் நிலம் தடையன்று.

மற்றபடி, பாலை நிலத்தார்க்குத் தீர்ப்பு இது. சூரிய ஒளியில் ஓடும், அடிபட்டாலும் தாங்கும், முள்ளும் எண்ணும் சேர்ந்து கண்ணுக்கு அழகு: இம்மூன்றில் எதற்காக வாங்கினாலும் தவறில்லை. அலைக்காக வாங்காதீர்கள், அலை இல்லாதபோது அது மற்ற குவார்ட்ஸ் கடிகாரங்களைப்போல மாதத்துக்கு 15 வினாடி வரை முன்பின் போகும். வாங்கிவிட்டவர்கள் ஊரை டெல்லி என்று வையுங்கள், முள்ளை 12-இல் சரிபாருங்கள், மாதம் ஒருமுறை வினாடியைத் திருத்துங்கள். ஐரோப்பாவுக்கோ வட அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போனால் அங்குள்ள ஊர்க்குறியை வைத்து, ராத்திரி சன்னலோரம் விட்டுத் தூங்குங்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.