இரவுச் சோற்றோடு ஒரு கைக்கிளை

கேள்வி: திரைப்பட நட்சத்திரத்தின் ரசிகரும் தொலைக்காட்சி நடிகையின் ஆயுட்கால ரசிகரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்களா?

பதில்: இனம் ஒன்றே, வளர்ப்பு வேறு. திரைப்பட ரசிகர் நட்சத்திரத்தைத் தேடி அரங்குக்குச் செல்கிறார். தொலைக்காட்சி நடிகையோ ரசிகரின் வீட்டுக்குத் தாமே வந்து, அவர் சோறுண்ணும் நேரம் பார்த்து அழுதுவிட்டுப் போகிறார். திரையில் தோன்றுபவரைப் பார்வையாளர் நெருங்கிய உறவாகவே கருத, அவருக்கோ இவர் பிறந்த செய்தியே தெரியாதிருக்கும் நிலையை 1956இல் டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் 'பாராசோஷியல்' உறவு என்று பெயரிட்டு விளக்கினர்; ஒருதலைக் காமத்தைத் தொல்காப்பியம் சுட்டும் கைக்கிளைக்கு இது தூரத்துச் சொந்தம், காமம் மட்டும் கழிந்தது.

இவ்வுறவுக்கு நடிகை ராதிகாவையே எடுத்துக்கொள்வோம். 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகமான அவர், 1999இல் சன் டிவி தொடரில் 'சித்தி'யாக நுழைந்தார். தாயின் தங்கையையும் தந்தையின் இரண்டாம் மனைவியையும் குறிக்கும் அச்சொல்லுக்கு இரண்டாம் பொருளில் நம் கதைகள் நற்பெயர் எதையும் விட்டுவைக்காத நிலையிலும், வீடுகள் அவரைத் தத்தெடுத்துக்கொண்டன. பின்னர் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி' எனத் தொடர்கள் மாறினவேயன்றி ரசிகர் மாறவில்லை. 2013இல் தொடங்கிய 'வாணி ராணி'யில் அவர் இரட்டை வேடமேற்றபோது, ஒருவருக்கே உருகிப் பழகியவர் இருவருக்கும் சேர்த்து உருகினார். 2020இல் 'சித்தி 2' வந்தபோது, முதல் தொடரைப் பார்க்க வீட்டுப்பாடத்தை ஒத்திவைத்த பிள்ளைகள், தம் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை ஒத்திவைக்கும் வயதை அடைந்திருந்தனர்.