மதிலுக்கு ஒரு மாலை

யாழ்ப்பாணத்துச் சீமெந்து மதிலே, உன்னைப்போல் கடமை தவறாத காவல் இந்தக் குடாநாட்டில் இன்னொன்று இல்லை. கிடுகு வேலி சோளகக் காற்றுக்குச் சரிந்துவிடும். பனையோலையைக் கறையான் அரிக்கும். கிளுவைக் கதியாலோ தழைத்து, ஆட்டுக்குக் குழை கொடுத்து, வழிப்போக்கனுக்கு நிழலும் போட்டுக் காவல் வேலையை மறந்துவிடும். நீ குழை தருவதில்லை, உச்சி வெயிலில் ஒரு சாண் நிழலும் தருவதில்லை, வேலையை மறப்பதுமில்லை. அளவெட்டிப் பக்கமிருந்து வழுக்கையாற்று ஓரமாகக் கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று பெரிய நாயொன்றோடு நடப்பவருக்குத்தான் உன் அருமை முழுதாய் விளங்கும்.

உனக்கு முன்னிருந்த வேலிகள் இளகிய மனசுக்காரர். தோட்டவெளிக்குள் இறங்கும் இடத்தில் கடப்பு வைத்திருந்தார்கள். இரண்டு கவர்த்தடி, குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பனஞ்சிலாகை. மாடு தயங்கி நின்றுவிடும், ஆள் காலைத் தூக்கி வைத்துக் கடப்பார், நாய் ஒரே பாய்ச்சலில் அப்பால் நிற்கும். கடப்பு இல்லாத இடத்தில் பொட்டு என்கிற வேலி ஓட்டை இருக்கும். எந்த வீட்டு நாய் எந்தப் பொட்டால் போய்வரும் என்பது ஒழுங்கை முழுக்கத் தெரிந்த சங்கதி. வேலியடைக்கிறவர் ஓலையைச் செருகிக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும், "அது வீரன்ர பொட்டு, விடு" என்று விட்டுப்போவார். அதே பொட்டால் கறிக்கிண்ணம் போனது, கதை போனது. ஷெல் விழுந்த நாட்களில் பக்கத்து வளவுப் பங்கருக்குச் சனமும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனது. அப்படியொரு ஓட்டையை உன்னிடம் எவராலும் காட்ட முடியாது.

உன் நேர்மையையும் சொல்ல வேண்டும். வேலி ஒழுங்கைப் பக்கம் நகர்வதென்றால், கதியால் மாற்றும்போதெல்லாம் நாலு விரற்கடை என்று களவாய்த்தான் நகரும். அதற்கே வழக்கு, நீதிமன்றம், இரண்டு தலைமுறைப் பகை. நீயோ பட்டப்பகலில் அத்திவாரம் வெட்டி, வெள்ளவாய்க்காலையும் உள்ளே எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாய். 2024 நவம்பர் மழையில் குடாநாடு வெள்ளத்தில் கிடந்தபோதும் நீ இளகவில்லை. வளவுக்குள் வந்த தண்ணீரை வெளியே போக விடாமல் பத்திரமாய் வைத்திருந்தாய். நீயும் எதிர்வீட்டு மதிலான உன் அண்ணனும் எதிரெதிரே நிற்கும் ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் வந்தால் ராஜபாளையம் நாயை ஒதுக்க இடமில்லை. அதனால் அது உன்னோடு ஒட்டி, மூச்சை அடக்கி நிற்கப் பழகிவிட்டது. எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு விரைவாகப் பழக்கியிருக்க மாட்டார்.

உன் தம்பி முட்கம்பியும் எங்களுக்கு நிறையக் கற்றுத்தந்திருக்கிறான். தோட்ட வரம்பில் அவன் மூன்று வரியாய் நின்றால், அல்சேசன் தாண்டாது, கீழால் ஊரப் பார்க்கும். முதுகுச் சடை முள்ளில் கொளுவும். ஆகவே உரப்பையை நாலாய் மடித்து நடுக்கம்பியில் போட்டுக் காலால் மிதித்து, மேல்கம்பியைக் கையால் உயர்த்த வேண்டும். இன்னொருவர் அப்பால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கம்பியும் இடைவெளி விடாத இடத்தில் தூக்குவதே வழி. நன்றாக வளர்ந்த கடுவன் முப்பது, நாற்பது கிலோ வரும். ஒரு கை நெஞ்சை அணைக்க, மறு கை பின்தொடைகளைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வயிற்றை மட்டும் பிடித்தால் முதுகு தொங்கும், நாய் உதறும், இருவரும் விழுவார்கள். அப்பால் குதிக்க விடாமல் மெல்ல இறக்க வேண்டும். வயசான நாயின் முன்கால் மூட்டு அந்த அடியைத் தாங்காது. நாயின் இதயம் உள்ளங்கைக்குள் எப்படி அடிக்கும் என்பதை உன் தம்பி தயவில்தான் அறிந்தேன்.

உங்கள் இருவருக்கும் ஒரு குரு உண்டு. 1990இலிருந்து இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்த வசாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறந்தது. காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணிவரை வாகனத்தில் போகலாம், இறங்கி நடக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு திறந்தது. கல்லும் கம்பியும் செலவழித்து நீங்கள் செய்கிற வேலையை ஒரு அறிவித்தல் செய்து முடித்தது. வளவைப் பிரிந்து முப்பத்தைந்து வருசம் இருந்தவர் பஸ் ஜன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு போனார். நாயோடு நடக்க விரும்பியவருக்கு அங்கே ஒரு தொல்லையும் இருக்கவில்லை; நடையே இருக்கவில்லையல்லவா!

கடைசியாக, உன்னை எழுப்பியவரை வாழ்த்தாமல் விடக்கூடாது. லண்டன் குளிரில் இரவு வேலை பார்த்து உழைத்த காசு நீ. உள்ளே வீடு பூட்டிக்கிடக்கிறது. கிணற்றடியில் புல் முளைத்திருக்கிறது. அந்த வெறுமையை ஒரு பூனைகூடத் தொடாமல் நீ காக்கிறாய். ஐயா, நீங்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் லப்ரடோரைக் கூட்டிக்கொண்டு வயல்வெளிகளில் நடக்கிறீர்களாம், கேட்கச் சந்தோசமாக இருந்தது. யாரோ ஒரு விவசாயியின் காணிக்குள்ளால் போகும் பொது நடைபாதை. வேலி வந்தால் ஏறிக் கடக்க மரப்படி. சில இடங்களில் அதன் பக்கத்தில் நாய்க்கென்று தூக்கித் திறக்கும் பலகை. அந்தப் படியையும் படலையையும் காணிக்காரரே பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று அந்த நாட்டு 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் அருமை தெரிந்தவர் நீங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அந்தப் பலகையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் மதிலின் தெற்கு மூலையில், பழைய கடப்பு இருந்த இடத்தை ஒழுங்கைச் சனம் இன்னும் காட்டும். மேசனுக்கு அது அரைநாள் வேலை. கூலியை நாங்கள் கொடுக்கிறோம்.