மூச்சு வாங்கினால் வாங்கட்டும்!

கே: காலையில் ஓடினால் மனசு திடமாகும் என்கிறார்கள். எனக்கு மூச்சுதான் வாங்குகிறது!
- வங்கி ஊழியர், திருநெல்வேலி

ப: வாங்கட்டுமே. வட்டியில்லாமல் வாங்க முடிவது அது ஒன்றுதான்! விஷயமே அந்த மூச்சிரைப்பில்தான் இருக்கிறது. மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டால் உங்கள் உடம்பு என்ன செய்கிறது? நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, மூச்சு மேலே ஏறுகிறது. ஓடும்போதும் அதே அட்ரினலின், அதே படபடப்பு. ஆனால் இங்கே அதை வரவழைத்தது நீங்கள். ஐந்து நிமிஷம் மெதுவாக நடந்தால் அடங்கிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். வாரத்தில் நாலு நாள் இப்படி அடங்கிப் பழகிய நெஞ்சு, மேலதிகாரி முன்னால் படபடத்தாலும் 'தெரிந்த ஆசாமிதான், போய்விடுவான்' என்று இருந்துவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஆரம்பத்துக்கு அந்த வேகம் போதும். பாடாமலிருப்பது பக்கத்தில் ஓடுபவர்களுக்கும் நல்லது.

கே: இளவட்டக்கல்லைத் தூக்கினால்தான் பெண் கொடுத்தார்களாமே, நிஜமா?
- ஆசிரியை, நாகர்கோவில்

ப: தென் மாவட்டங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு மாதத் தவணை கிடையாது. சுமக்க வேண்டியது கல் மட்டும்தான். பொங்கலுக்கு நெல்லைப் பக்கத்து ஊர்களில் இன்றும் தூக்குகிறார்கள், பெண்களும் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள். கல் உருண்டையாக, வழுவழுவென்று இருக்கும். பிடிக்க ஓர் இடம் கிடையாது. குத்துக்காலிட்டு, கட்டிப்பிடித்து, முதலில் முழங்காலுக்கு ஏற்றுவார்கள். அங்கிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு. பிறகு முதுகுக்குப் பின்னால் போடவேண்டும். முதல் வருஷம் முழங்காலோடு கல்லை இறக்கிவிட்டவனை யாரும் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பதில்லை. அடுத்த பொங்கலுக்கும் அதே கல், அதே எடை அங்கேயே கிடக்கும். மாறியிருக்க வேண்டியவன் அவன்தான்.

கே: வீட்டு வேலை செய்வதே பெரிய உடற்பயிற்சி என்கிறாரே என் கணவர்?
- இல்லத்தரசி, கோவை

ப: அப்படியா? ஒரு மாதம் அவரை அந்தப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். உடம்பைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. மாவாட்டினாலும் மாடிப்படி துடைத்தாலும் இதயம் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஆனால் மனசு தெம்பாவது, நாமே தேர்ந்தெடுத்து, வேண்டாம் என்றால் நிறுத்தவும் முடிகிற கஷ்டத்தில். பாத்திரம் தேய்ப்பதைப் பாதியில் நிறுத்திவிட முடியுமா உங்களால்?

கே: ரீல்ஸ் பார்த்து '30 நாள் சவால்' எடுத்தேன். முதல் நாளே 100 தண்டால். மறுநாள் தலை சீவக்கூடக் கை தூக்க முடியவில்லை!
- கல்லூரி மாணவர், சென்னை

ப: மிச்சம் 29 நாளும் தலை சீவுவதே சவால்! பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசை நார்களில் நுண்ணிய காயம் ஏற்படும். வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். அந்தக் காயத்தை உடம்பு சரிசெய்யும்போதுதான் தசை முன்னைவிட வலுவாகிறது. அது நடப்பது தண்டால் எடுக்கும்போது இல்லை, நீங்கள் ஓய்வெடுக்கும்போதும் தூங்கும்போதும். ஆகவே பத்து தண்டால், ஒழுங்காக. ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு இரண்டு கூட்டுங்கள். விளையாட்டில்லாத ஒரு விஷயம்: அளவு மீறிய பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். ரீல்ஸை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

கே: ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டினேன். ஒரு வாரம்தான் போனேன்.
- வியாபாரி, ஈரோடு

ப: உங்களைப் போன்றவர்களால்தான் ஜிம் முதலாளிகள் மனம் தளராமல் இருக்கிறார்கள்.

கே: எங்கள் ஊர்க்காரர் மாரியப்பன் தங்கவேலுவிடம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?
- வாசகர், சேலம்

ப: ஐந்து வயதில் பஸ் ஏறிச் சிதைந்த கால். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் மழைக்கு நடுவே 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். 'இறங்கிக்கொண்டே போகிறாரே' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆள் உண்டு. எட்டு வருஷம் கழித்தும் மேடை ஏறுவது தங்கத்தைவிடப் பெரிது என்பது என் கட்சி.

அதைவிட, அவர் பிடித்த விளையாட்டைக் கவனியுங்கள். தாண்டத் தாண்டக் கம்பியை ஏற்றிக்கொண்டே போவார்கள்; தொடர்ந்து மூன்று தடவை தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதாவது, தங்கம் வாங்கியவர்கூடப் பெரும்பாலும் கடைசியாகச் செய்தது கம்பியைத் தட்டிவிட்டதுதான்! மெத்தையில் விழுந்து, எழுந்து, புழுதி தட்டிவிட்டு வருவது இதில் தினசரி வேலை. நம் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நூறு வாங்கத்தான் பயிற்சி கொடுக்கிறோம்; கம்பியைத் தட்டிவிட ஒரு மைதானம் கொடுப்பதில்லை.

கே: எனக்கு 62. இனிமேலா சவால்?
- ஓய்வுபெற்றவர், தஞ்சாவூர்

ப: மாரத்தான் ஓடிய ஃபௌஜா சிங் இருந்திருந்தால் உங்களைத் 'தம்பி' என்றிருப்பார். பஞ்சாபில் 1994-ல் மகனை விபத்தில் பறிகொடுத்தவர். லண்டனுக்குப் போய், அந்தத் துக்கத்தோடு ஓட ஆரம்பித்தார். முதல் நாள் பயிற்சிக்குக் கோட்டு சூட்டில் வந்து நின்றாராம்! 2000-ல் லண்டன் மாரத்தான் ஓடியபோது வயது 89. 2011-ல் டொராண்டோவில், 100 வயதில், எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கால்கள் சான்றிதழ் கேட்கவில்லை. 2025-ல், 114 வயதில், வாகனம் மோதித்தான் இறந்தார். நீங்கள் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நடையில் ஆரம்பியுங்கள்.

கே: வேலை போய் மூன்று மாதம். 'ஓடு, எல்லாம் சரியாகும்' என்கிறார்கள் நண்பர்கள்.
- பெயர் வேண்டாம், ஓசூர்

ப: ஓடினால் வேலை கிடைக்காது, அவர்களுக்குத் தெரிந்த வேலை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். ஓட்டத்தால் கிடைப்பது வேறு: ராத்திரி தூக்கம், நேரத்துக்குப் பசி, எட்டு மணிக்குள் ஒரு காரியத்தையாவது முடித்துவிட்டோம் என்ற கணக்கு. பத்து இடத்தில் 'இல்லை' என்று கேட்கிற நாளில் அந்த ஒரு 'ஆச்சு' சின்ன விஷயமில்லை. ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், ஷூவை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண், 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கே: கணவரை எழுப்பி வாக்கிங் அனுப்ப வழி உண்டா?
- வாசகி, திருவண்ணாமலை

ப: டீக்கடை வரை போய்வரச் சொல்லுங்கள். அடுத்த வாரம், 'பக்கத்துத் தெரு டீ இதைவிட நல்லா இருக்காம்' என்று சொல்லிவையுங்கள். அதற்கடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டுக் கடை. இப்படியே தள்ளிக்கொண்டு போனால், ஒரு பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலமும் சுற்றிவந்து, 'வழியில் ஒரு கடை டீயும் சரியில்லை' என்று உங்களிடமே புகார் சொல்வார்.