யார் தலையில் விடியும்?

அப்பா தஞ்சாவூரில் பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்து 1995இல் ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டு கழித்துச் சென்னையில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது அவருக்கு அது பிடிக்கவே இல்லை. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார். "கவர்மென்ட் உத்தியோகம்னா கண்ணை மூடுற வரைக்கும் சோறுடா. இவன் நாளைக்கே கதவைச் சாத்திட்டா யார்கிட்டப் போய் நிப்பே?"

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அன்று அரசு வேலைக்குப் போனவருக்கு முழுப் பணிக்காலம் முடிந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறும். முதுமை என்ற பெரிய பாரத்தை அரசாங்கம் சுமந்துகொண்டது. அந்தத் தைரியத்தில்தான் அப்பாவால் குறைந்த சம்பளத்தில் நிம்மதியாக இருக்க முடிந்தது.

ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்றாகிவிட்டது. என் சித்தி மகன் அதற்கு அடுத்த ஆண்டு சேர்ந்தான், என் அப்பா சொன்ன அதே வார்த்தையை நம்பி. எனக்குச் சொன்னபோது அந்த அறிவுரை உண்மை. அவனுக்குச் சொன்னபோது அதன் அடித்தளமே மாறியிருந்தது. வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற பெரியவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கவலையோடுதான் சொல்கிறேன். நாம் சொல்கிற பாதுகாப்பு எந்த ஆண்டோடு முடிந்துபோனது?

தனியார் வேலைக்கு அத்தனை பயந்த அப்பா, பணிக்கொடையில் பெரும்பகுதியை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். 24 சதவீத வட்டி. பிபிஎஃப் 12 சதவீதம் தந்துகொண்டிருந்த காலம் அது. 24 சதவீதத்தில் கூட்டு வட்டி போட்டால் மூன்றே கால் வருஷத்தில் பணம் இரட்டிப்பாகிவிடும். அப்படித் தருகிறவன் அந்தப் பணத்தை எதில் போட்டு அதற்கும் மேலே சம்பாதிப்பான்? என்னிடம் கேட்ட கேள்வியை அங்கே அவர் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. ஏஜென்ட் அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தவர். முதல் சில மாதங்கள் வட்டி தேதி தவறாமல் வந்தது. பிறகு ஒருநாள் அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரியும். 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனத்தின் சொத்தையும் அதை நடத்தியவர்களின் சொத்தையும் முடக்கி, விற்று, போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்த சட்டம். தேவையான சட்டம்தான். ஆனால் ஓய்வு பெற்றவரின் வயதும் வழக்கின் வயதும் ஒன்றாக ஓடுவதில்லை. அசலில் சிறு பங்கு வந்துசேர்ந்தபோது அப்பா இல்லை.

அம்மா பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். பணத்தில் அவளுடைய நிதானம் அப்பாவுக்கு இருந்ததில்லை. தெருவில் ஒரு அக்கா பிடித்த ஏலச்சீட்டில் சேர்ந்திருந்தாள். இருபது பேர், மாதம் ஐந்நூறு. அவசரக்காரர் தள்ளி எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பிரியும். சீட்டு பிடிக்கிறவர் ஓடிவிட்டால் போச்சு. அம்மாவுக்கு அது தெரியும். அதனால் போனாலும் அடுப்பு எரிகிற அளவுக்குத்தான் போட்டாள், ஒருபோதும் இரண்டு சீட்டு சேரவில்லை. லாபத்தைப் பார்க்குமுன் நட்டத்துக்கு எல்லை கட்டியவள் அவள். இன்றும் வங்கியில் வைப்புத்தொகை போடும்போது என்னைக் கேட்பாள்: "வட்டியோட சேர்த்து அஞ்சு லட்சத்தைத் தாண்டுதா? அப்ப மீதியை வேற பேங்க்ல போடு." வங்கி முடங்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியுமாக ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு. 1993 முதல் ஒரு லட்சமாக இருந்ததை 2020 பிப்ரவரியில்தான் உயர்த்தினார்கள். அப்பா போட்ட இடத்தில் அந்த ஒரு லட்சமும் கிடையாது.

பிள்ளை வளர்ப்பிலும் இதே கணக்குத்தான். பத்து வயதில் நான் வெண்ணாற்றில் தனியாகக் குளித்தேன். வீட்டில் யாரும் பதறவில்லை. படித்துறையில் துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள் என்று எப்போதும் ஆள் இருக்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிறது என்றால் முன்கூட்டியே ஊருக்குத் தெரியும். என் மகளை டியூஷனுக்குச் சைக்கிளில் அனுப்ப நான் சம்மதிக்கவில்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் புறவழிச் சாலையில் அவள் விழுந்தால் பெயர் சொல்லித் தூக்க ஒருவரும் இல்லை. "நாங்கள்லாம் அப்படியா வளர்ந்தோம்" என்று இன்றைய பெற்றோரைக் குறை சொல்கிறவர்கள், அன்று தங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களையும் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த மகள் பெரிய மென்பொருள் நிறுவனத்தை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு புதிய நிறுவனத்துக்குப் போகிறேன் என்கிறாள். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற இடம். சம்பளம் குறைவு. வயலுக்கு நீர் பாய்ச்சும் கருவி செய்கிறார்கள். அதைப் பற்றிப் பேசும்போதே அவள் முகம் மலர்ந்துவிடுகிறது. போகாதே என்று நான் சொல்லவில்லை. என்னென்ன இழக்கிறாள் என்று உட்கார்ந்து எழுதினோம். இருபது பேருக்குக் குறைவான இடம் என்பதால் வருங்கால வைப்பு நிதி கட்டாயமில்லை. இப்போதைய நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடியாததால் பணிக்கொடை வராது. இவை போனால் போகட்டும், வயது இருக்கிறது.

என்னை உலுக்கியது மருத்துவக் காப்பீடு. அவள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில்தான் சர்க்கரை நோயாளியான என் மனைவியும் இருக்கிறாள். மகள் விலகும் நாளில் அதுவும் முடிந்துபோகும். புதிதாக எடுக்கும் தனிக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024க்கு முன் அது நான்கு ஆண்டு. துணிந்து போகிறவள் மகள், ஆபத்து அவள் அம்மாவுக்கு. இதைச் சொன்னதும் மகள் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "சரிப்பா, அம்மாவுக்குத் தனியா பாலிசி எடுத்துட்டு, அந்த மூணு வருஷத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு ஒரு தொகை ஒதுக்கிட்டு அப்புறம் ரிசைன் பண்றேன்" என்றாள். பாட்டி உடனே கேட்டாள்: "எந்த பேங்க்ல போடப் போறே?"