மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பல்லக்கு

ஏன் பேராண்டி, ஊர் உலகத்துல மனுசனைச் சுமக்கத்தான் மோட்டார் சைக்கிள் வாங்குவாங்க. நீ மோட்டார் சைக்கிளைச் சுமக்க இன்னொரு வண்டி கட்டப் போறேங்கிற. அதுவும் காடு மேடெல்லாம் ஏறும்னு லட்சக்கணக்குல குடுத்து வாங்கின வண்டி. தார் ரோட்டுல ஓட்டிக்கிட்டு வந்தா உனக்கு இடுப்பு நோவுதாம். அதனால ஜீப்புக்குப் பின்னாடி பல்லக்குல வச்சு மெட்ராசுலேருந்து நம்ம பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை கிராமத்துக்கு இழுத்தாந்து, மத்தியானம் வரைக்கும் புழுதியைக் கிளப்பிட்டு, மறுபடியும் பல்லக்குல ஏத்திக் கூட்டிட்டுப் போவியாம். உங்க அப்பாயியை நான் ஒரு நாளாவது இப்படித் தாங்கியிருந்தா எனக்கு இன்னிக்கு நல்ல காப்பி கிடைச்சிருக்கும்.

வேணாம்னு சொல்ல மாட்டேன். சொன்னாக் கேக்குற வம்சமா நம்மது? பெரம்பலூர் நாலு ரோட்டுல ஒரு சின்ன யானையை வாடகைக்குப் பிடிச்சா ரெண்டு பைக்கும் அடங்கிடும்னு சொன்னேன். அதுல கெத்து இல்லேங்கிற. சரி, கெத்தைக் கிலோக் கணக்குல வாங்கலாம், வா.

உன் போன்ல காட்டின படம் பிரமாதம். கலர் இருக்கு, லைட்டு இருக்கு, தண்ணி கேன் வைக்க இடம் இருக்கு. பாரம் எங்க உக்காருதுங்கிறது மட்டும் இல்ல. டயர் வண்டி ஓட்டின எவனைக் கேட்டாலும் முதல்ல இதைத்தான் சொல்லுவான்: முன்பாரம், பின்பாரம். பின்னாடி பாரம் கூடிச்சுன்னா ஏர்க்கால் மேல தூக்கும், மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இறுகும். முன்னாடி கூடிச்சுன்னா நுகம் அமுக்கி மாடு படுத்துடும். உன் ஜீப்புக்குக் கழுத்து இல்லேங்கறதால அது கத்தாது. ஆனா பின்பாரம் ஏறின டிரெய்லர் வேகம் எடுத்ததும் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். அப்புறம் ஜீப்பை ஓட்டுறது நீ இல்ல, டிரெய்லரு.

கணக்கு சுளுவு. உன் ஹிமாலயன் 200 கிலோவைத் தொடும், உன் கூட்டாளியோட எக்ஸ்பல்ஸ் 160 கிலோ சுத்து. டிரெய்லரு 240-ன்னு வச்சுக்க. மொத்தம் 600. அதுல நூத்துக்குப் பத்துலேருந்து பதினஞ்சு வரைக்கும் கொக்கி மேல உக்காரணும். அதாவது 60 கிலோவுக்குக் கொறையாம, 90-ஐத் தாண்டாம. அதுக்குத்தான் அச்சை நட்ட நடுவுல வைக்காம ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி வைக்கறது. சந்தேகமா இருந்தா உன் பொண்டாட்டி ஒடம்பு எடை பாக்குற மிஷினைக் கொண்டாந்து ஏர்க்காலுக்கு அடியில வச்சுப் பாரு. அவ திட்டுனா அது உன் பாடு.

அடுத்தது இரும்பு. பயந்தவன் கட்டுற டிரெய்லரு எப்பவும் கனமா இருக்கும். எல்லாத்துக்கும் நாலு இஞ்ச் சேனல் போட்டேன்னு வையி, காலி வண்டியே பாரவண்டி ஆயிடும். சேனல் ஏர்க்காலுக்கும் அடிச்சட்டத்துக்கும் போதும், மேல ஆங்கிள் தாங்கும். பட்டறைக்காரர் பழைய ஜீப்போட ஸ்பிரிங் பட்டையை அப்படியே மாட்டிக் குடுப்பாரு, விலையும் சல்லிசு. வாங்கிக்க, ஆனா ரெண்டு மூணு பட்டையைக் கழட்டிடு. கட்டு முரடா இருந்தா காலி டிரெய்லரு ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறிக் குதிக்கும். தரைக்கு முழுசா செக்கர் பிளேட் போட்டுடு. சக்கரம் நிக்கிற அளவுக்கு ரெண்டு தகடு போதும்னு சிக்கனம் பேசாத. நாலு பக்கமும் குச்சி நிறுத்த ஓட்டையும் விட்டு வையி. எதுக்குன்னு இப்பக் கேக்காத.

சக்கரத்துல மட்டும் உன் இஷ்டத்துக்குப் போகாத. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரன் பட்டாளத்து ஜீப்புக்குன்னு கால் டன் டிரெய்லர் ஒண்ணு செஞ்சான். ஜீப்புக்கும் அதுக்கும் ஒரே அளவு டயரு, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரே அகலம். ஜீப்பு போன தடத்துலயே டிரெய்லரும் வரும், ஒரு ஸ்டெப்னி ரெண்டுக்கும் ஆகும். நீ ஜீப்புக்குப் பெரிய டயரும் டிரெய்லருக்கு ஆட்டோ டயரும் போடப் போறேங்கிற. பக்கத்துல நாரணமங்கலத்துல எம்.ஆர்.எஃப். ஆலையே டயராத் தள்ளிக்கிட்டு இருக்கு, அங்க போயி இதைச் சொல்லிடாத, சிரிப்பாங்க.

கொக்கிக்கு வருவோம். கார் கடையில விக்கிற பந்துக் கொக்கி ரோட்டுக்கு ஆகும். காரை ஓடையில ஜீப்பு ஒரு பக்கம் சாய, டிரெய்லரு மறுபக்கம் சாயும். அந்த முறுக்கு பந்துக்குத் தாங்காது. பட்டாளத்து வண்டியில இருக்கிற கொக்கியும் வளையமும்தான் அங்க சரி. வளையம் சுத்தறதா இருக்கணும். கொக்கியை நம்பினாலும் ரெண்டு சங்கிலியை ஏர்க்காலுக்கு அடியில குறுக்கு மறுக்காப் போடு. கொக்கி விட்டாலும் ஏர்க்கால் ரோட்டைக் குத்தாம அந்தச் சங்கிலி மேல உக்காரும். ஒருவேளை டிரெய்லரு ஆட்டம் கண்டா பிரேக்கை மிதிச்சுடாத. ஆக்சிலேட்டரை விட்டுட்டு ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்க.

பைக்கைக் கட்டுறதுக்கும் ஒரு நேர்த்தி இருக்கு. சைடு ஸ்டாண்டு போட்டு, சாய்ச்சு வச்சுக் கட்டுறவனைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும். நிமித்தி நிறுத்து. முன் சக்கரத்தை ஒரு தடுப்புக்குள்ள நுழை. ராட்செட் பெல்ட்டை ரெண்டு பக்கமும் முன் ஷாக் பாதி இறங்குற வரைக்கும் இறுக்கு, அடி வரைக்கும் நசுக்கிடாத. கைப்பிடி ரப்பர்ல மாட்டாத, உருவிக்கும். பின்னாடியும் ரெண்டு பெல்ட் போடு. கிளம்பிப் பத்து கிலோமீட்டர்ல ஓரங்கட்டி எல்லாத்தையும் ஒரு தடவை தொட்டுப் பாரு. டீ குடிக்க ஒரு சாக்காவும் ஆச்சு.

சட்டத்தை மறந்துட்டியே ராசா. 1988-ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்துல டிரெய்லரும் ஒரு வண்டிதான், அதுக்கும் தனிப் பதிவு உண்டு. டிரெய்லரோட சொந்த நம்பர் அதோட பக்கவாட்டுல இருக்கணும், இழுக்கிற வண்டியோட நம்பர் அதோட முதுகுல இருக்கணும். பெரம்பலூர்னா டி.என். 46, அரியலூர்னா டி.என். 61, எங்க பதியறதுன்னு உங்க மாமனோட சண்டை போட்டுக்க. பின் விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ரிஃப்ளெக்டர் எல்லாம் வேணும். ராத்திரியில விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னாடி போய் மோதினவங்க கதை இந்த ரோட்டுல ஏராளம். வெல்டிங் பத்த வைக்கிறதுக்கு முந்தியே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயி என்னென்ன காகிதம் வேணும்னு கேட்டுட்டு வா. ஜீப்புக் கம்பெனி குடுத்த புத்தகத்தையும் தொறந்து பாரு. எதையும் இழுக்கக் கூடாதுன்னே போட்டிருந்தாலும் ஆச்சரியப்படாத.

நீ புழுதி கிளப்பப் போற இடம் சுமார் 10 கோடி வருசத்துக்கு முந்தி கடலடி. இப்பவும் அங்க அம்மோனைட்டுன்னு சொல்ற சுருண்ட நத்தைக் கல்லு கிடக்கும். பக்கத்துச் சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப் போன மரம் படுத்திருக்கு, 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன்னு ஒரு நிலவியல் விஞ்ஞானி கண்டுபிடிச்சது. அவ்வளவு நாள் தாங்கினதை உன் டயர் ஒரு ஞாயித்துக்கிழமையில பொடியாக்கிடும். போட்ட தடத்துலயே போ. மழை பெஞ்சா அந்தக் களிமண்ணு பக்கமே போகாத, பல்லக்கும் ராசாவும் அங்கேயே தங்கிடுவீங்க. காஞ்சு கிடக்குதேன்னு மருதையாத்துல இறங்கி நிக்காத. 1956 நவம்பர்ல அரியலூர்கிட்ட அந்த ஆத்து வெள்ளம் ரயில் பாலத்தையே சாய்ச்சு, ரயிலே கவுந்து, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டாரு.

கடைசியா ஒண்ணு. புது டிரெய்லர்ல எடுத்த எடுப்புல பைக்கை ஏத்தக் கூடாது, சோதனை ஓட்டம் வேணும். கல்லை ஏத்தினா பிளேட்டு நசுங்கும். மணலை ஏத்தினா போலீசு பிடிக்கும். நம்ம வெங்காயப் பட்டறையில சின்ன வெங்காயம் கிடக்குது. மூட்டை 50 கிலோ, ஏழு மூட்டை போட்டா கிட்டத்தட்ட உன் ரெண்டு பைக்கோட கனம் வந்துடும். முழுத் தகடு போட்டுக் குச்சிக்கு ஓட்டையும் விட்டிருக்கோம், மூட்டை அசையாது. திருச்சி மண்டி வரைக்கும் போயிட்டு வந்தா கொக்கி, பட்டை, விளக்கு எல்லாத்தோட யோக்கியதையும் தெரிஞ்சுடும். சொந்த உபயோகத்துக்குன்னு பதிஞ்ச வண்டியில வாடகை வாங்கக் கூடாது பேராண்டி, சட்டம் நம்ம பக்கம். சனிக்கிழமை வெள்ளனமே வந்துடு, மூட்டையைத் தைச்சு வைக்கிறேன்.